ஐந்து விரல் மடக்கும் நேரம்

“அம்மாவுக்கு உப்பத் தவிர வேற ஒண்ணுமே பேசத் தெரியாதாப்பா?”

ஜெயபிரியா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. புரட்டாசி மாதம். அன்று அவள் அம்மா மாதம்மாளுக்குத் திதி. படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, இலை வைத்துக் கும்பிட்டு முடித்த பிறகு, குப்புராஜ் சாமி அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தான். உள்ளே நகத்தளவு மெமரி கார்டு. ஆண்டுக்கு ஒரு முறைதான் அதை வெளியே எடுப்பது என்று அவன் தனக்குள் விதித்துக்கொண்டிருந்தான். போனில் செருகி ஓடவிட்டான்.

“உப்பே… கல்லுப்பு, தூளுப்பு… உப்பு வண்டி வந்திருக்குது, வாங்கக்கா வாங்க… வூட்டுக்கு உப்பு, மாட்டுக்கு உப்பு… உப்பே…”

குரல் நின்றது. பிறகு, கூவுவதை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் ஒருவரிடம் கேட்பது போலத் தணிந்து வந்தது.

“போதுமாங்க?”

அவ்வளவுதான். அரை நிமிடம்கூட இல்லை.

ஜெயபிரியா காதுக்குப் பின்னால் மாட்டியிருந்த மிஷினைச் சரிசெய்துகொண்டு, தலையைச் சாய்த்து முழுவதும் கேட்டாள். கேட்டு முடித்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். வருத்தத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்காகக் காத்திருந்தாள். அவசரப்படாமல் காத்திருக்க அவளுக்குத் தெரியும். அவன்தான் அதைக் கற்றுக்கொடுத்தான். ஆனால் அவன் அதைக் கற்றுக்கொள்ள ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அந்த ஓராண்டை நினைக்கும்போதெல்லாம் அவன் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வான்.

குப்புராஜுக்குக் காரிமங்கலத்தைச் சுற்றி உப்பு வியாபாரம். குட்டியானை வண்டியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவான். மாதம்மாள் இருந்தவரை அவன் வண்டி ஓட்டுவான், எடை போடுவான். கூவுவது, பேசுவது, பேரம் முடிப்பது எல்லாம் அவள். அவனுக்கு இயல்பிலேயே பேச்சு குறைவு. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் கழுத்து வியர்க்கும். கல்யாணத்தில் மாலை மாற்றியபோது, “மாப்ள சிரிச்சா காசு கேப்பாங்கன்னு பயப்படறாரு” என்று பெண் வீட்டார் கேலி செய்தார்கள். அதற்குக்கூட அவன் சிரிக்கவில்லை.

ஜெயபிரியாவுக்குக் காது கேட்கவில்லை என்பது வண்டியில் வைத்துத்தான் தெரிந்தது. கைக்குழந்தை. தலைக்கு மேலே ஒலிபெருக்கிக் குழாய் அலறிக்கொண்டிருக்க, மூட்டைமேல் அசையாமல் தூங்கினாள். முதலில், “நம்ம புள்ள எவ்ளோ சமத்து பாருங்க” என்று மாதம்மாள் பெருமைப்பட்டாள். பிறகு ஒரு நாள் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டுக் குழந்தையையே பார்த்தாள். அதற்குப் பிறகு அலைந்ததெல்லாம் அவள்தான். டாக்டர்கள், காப்பீட்டு அட்டை, கையெழுத்துகள், சேலத்துக்கும் ஊருக்குமாகப் பேருந்துகள். மூன்று வயதில் அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்தது. காதுக்குள்ளே ஒன்றை வைத்துத் தைப்பார்கள். புண் ஆறிய பிறகு வெளியே ஒரு மிஷினைக் காந்தத்தால் ஒட்டவைத்து ஓடவிட்டால் சத்தம் கேட்கும் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் தங்க வேண்டும். கிளம்புவதற்கு முதல் நாள் மாதம்மாள் போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள்.

“எங்க போற?”

“கூவறதப் பதிஞ்சு குடுத்துட்டுப் போறேன். பத்து நாளு நான் இல்லீன்னா நீங்க எங்க வாயத் தொறக்கப் போறீங்க? உப்பு மூட்டயிலயே கரைஞ்சு தண்ணியா ஓடிரும்.”

அப்படிப் பதிந்ததுதான். கடைசியில் அவனைப் பார்த்து “போதுமாங்க?” என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அதை வெட்டிவிட வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. குழந்தையுடன் வீட்டுக்கு வந்தாள். மிஷினை ஓடவிட மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்துக்குள் மாதம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு. ஐந்தாம் நாள் போய்விட்டாள். காரியம் முடிந்த மூன்றாம் நாள், மொட்டைத் தலையோடு குப்புராஜ் குழந்தையைச் சேலத்துக்குத் தூக்கிப்போனான். மிஷினை ஓடவிட்டதும் ஜெயபிரியா திடுக்கிட்டு மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு அறை முழுக்கப் பார்த்தாள். யாரைத் தேடினாள் என்று அவனுக்குத் தெரியும். அவனும் அதே ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தான்.

அதனால் அவன் ஒன்று செய்தான். குழந்தையை வண்டியில் பக்கத்தில் உட்காரவைத்து, மாதம்மாளின் குரலைக் குழாயில் ஓடவிட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனான். செத்துப்போனவளின் குரல் தெருவில் வருவதைக் கேட்டு முதல் வாரம் பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து அழுதார்கள். அடுத்த மாதம் பாத்திரத்தோடு வந்து உப்பு வாங்கினார்கள். குப்புராஜுக்கு மட்டும் அது பழகவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் “போதுமாங்க?” வரும்போது அவன் தலை தானாக ஆடியது.

காலையிலிருந்து சாயங்காலம் வரை பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கிறது, அதுவும் பெற்ற தாயின் பேச்சு, பிள்ளைக்குச் சீக்கிரம் பேச்சு வந்துவிடும் என்று அவன் நம்பினான். அவன் வாய் திறக்கவில்லை. அவள் இருக்கும்போது அவன் எதற்கு? ஓராண்டு ஓடியது. நான்கு வயதிலும் ஜெயபிரியாவிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. இடையிடையே “ஊ” என்றும் “ஆ” என்றும் ஏதோ சொல்வாள். குழாய்ச் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்காது.

மாதம்மாளின் தங்கை நிர்மலா ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். தை மாதம் வந்தவள், ஊர் எல்லையில் வண்டி வரும்போதே குழாயில் அக்காவின் குரலைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுது முடித்ததும் எழுந்தாள்.

“ஏன் மாமா, எங்கக்கா செத்த பொறவும் உங்களுக்கு உப்பு வித்துக் குடுக்கணுமா?”

அவன் பதில் சொல்லவில்லை.

“இதோ, இப்டித்தான். நீங்களும் பேச மாட்டீங்க, புள்ளைக்கும் பேச்சு வராது. வண்டியில போட்டு இழுத்துக்கிட்டுத் திரிஞ்சா எப்டி? வைகாசி வரைக்கும் பாக்கறேன். அப்பவும் ஒரு வார்த்த வர்லீன்னா நான் ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அங்க எங்க மாமியார் இருக்காங்க, அக்கம் பக்கம் புள்ளைங்க இருக்குது. நீங்க மாசம் ஒருக்கா வந்து பாருங்க.”

அவள் கெட்டவள் இல்லை. அவள் சொன்னதில் நியாயமும் இருந்தது. அதனால்தான் அவனால் எதிர்த்துப் பேச முடியவில்லை. அவள் போன பிறகு வீட்டுக்குள் போய் நின்றான். அடுப்பு, பாய், கொடியில் சின்ன கவுன். அதுவும் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தான். முழுதாக நினைக்கக்கூட முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தருமபுரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க சோபனா என்ற இளம்பெண் புதிதாக வந்திருந்தார். சின்ன அறை, ஒரு பாய், மரப் பொம்மைகள். புதியவர் என்பதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார்.

“வூட்ல பாப்பாகூட யாரு பேசுவாங்கண்ணா?”

“நாள் பூரா பேச்சு கேட்டுக்கிட்டேதாங்க இருக்குது,” என்றான் குப்புராஜ், கொஞ்சம் பெருமையாகவே. வண்டியைப் பற்றிச் சொன்னான். யாருடைய குரல் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சோபனா கீழே இறங்கிவந்து, வெயிலில் நின்று, குழாய் மூன்று சுற்று ஓடும்வரை கேட்டார். கேட்டுவிட்டு அவனைத் திட்டவில்லை.

“அண்ணா, இந்தக் கொரலு பாப்பா மூஞ்சியப் பாக்குதா?”

அவன் விழித்தான்.

“பாப்பா ‘ஆ’ன்னா இது நிக்குதா? திரும்பி ‘என்னா கண்ணு’ன்னு கேக்குதா? காதுல விழறதெல்லாம் பேச்சு ஆயிடாதுண்ணா. அவ ஒண்ணு சொல்லணும், நீங்க அவளப் பாத்துத் திருப்பிச் சொல்லணும். சொல்லிட்டு வாய மூடிக்கிட்டு அஞ்சு விரலு மடக்கற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும். இப்ப உன் முறைன்னு அவளுக்குத் தெரியணும். பேச்சு அங்கதான் மொளைக்கும். இந்தச் சத்தத்துல உங்க பேச்சும் அவளுக்குக் கேக்காது, அவ பேச்சும் உங்களுக்குக் கேக்காது. இத அணைச்சிட்டு நீங்க பேசுங்க.”

“எனக்குப் பேச வராதுங்க மேடம்.”

“அவளுக்கும் வராது,” என்று சோபனா சிரித்தார். “ரெண்டு பேரும் சேந்து கத்துக்கங்க.”

அவன் அணைக்கவில்லை. அடுத்த வாரம் அவர் கேட்டபோது, “அணைச்சிட்டேங்க” என்று பொய் சொன்னான். அதற்கடுத்த வாரமும் சொன்னான். மூன்றாம் வாரம் சனிக்கிழமை பெருமாளைக் கும்பிடும்போது கையெடுக்கக் கூச்சமாக இருந்தது. ஆனால் இந்த உலகத்தில் அவள் தன் தாயின் குரலைக் கேட்கும் ஒரே இடம் அந்தக் குழாய். அதை எந்தக் கையால் அணைப்பது?

மாசி மாதம் ஒரு நடுப்பகல். புளியமர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, மொபட் ஒன்றில் வந்தவருக்கு மூட்டை கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். குழாய் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் ஜெயபிரியா பின்னால் மூட்டைகள்மேல் ஏறி நின்றிருந்தாள். குழாயின் வாய்க்கு நேராக அவள் முகம். “ஊ” என்றாள். குழாய் உப்பு உப்பு என்றது. அவள் காத்திருந்தாள். மறுபடி, இன்னும் சத்தமாக, “ஊ… ஊ” என்றாள். “போதுமாங்க?” என்றது குழாய். கேள்வி கேட்கும் தொனி குழந்தைக்குப் புரிந்திருக்க வேண்டும். அவள் முகம் மலர்ந்தது. கையை நீட்டி, ஏதோ நீளமாகச் சொல்லத் தொடங்கினாள். அதற்குள் குழாய் மறுபடி முதலிலிருந்து கூவியது.

அவள் நிறுத்திவிட்டாள். குழாயின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் அதை ஒரு அடி அடித்தாள். இன்னொரு அடி. அதற்குப் பிறகு உதடு பிதுங்கி, சத்தமே இல்லாமல் அழுதாள்.

குப்புராஜ் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து குழாயை அணைத்தான். மரத்தடியில் சட்டென்று அமைதி இறங்கியது. மேலே புளியங்காய்கள் காற்றில் உரசுவது கேட்டது. அவளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தான். கழுத்தெல்லாம் வியர்த்தது.

“ஊ,” என்றான்.

அவள் முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு விரலாக மடக்கினான். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

“ஊ,” என்றாள் ஜெயபிரியா, கண்ணீரோடு.

அன்றே கார்டை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து சாமிக்குப் பக்கத்தில் வைத்தான். அடுத்த முறை தருமபுரிக்குப் போனபோது தான் சொன்ன பொய்யையும், அது யாருடைய குரல் என்பதையும் சோபனாவிடம் சொன்னான். அவர், “தெரியாம சொல்லிட்டேண்ணா” என்றார். “இல்லீங்க, தெரிஞ்சுதான் சொன்னீங்க” என்றான் அவன். அவனுக்கு அது பெரிய பேச்சு.

தன் வாயால் கூவத் தொடங்கிய முதல் நாட்கள் கொடுமையானவை. குரல் உடைந்தது. தெருக்கோடிவரை எட்டவில்லை. வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

“என்னண்ணா, உப்பு வண்டிக்குத் தொண்ட கட்டிக்கிச்சா?”

“ஏய், மெதுவாப் பேசுடி, அண்ணன் ரகசியமா விக்கறாரு!”

அவன் தலையைக் குனிந்துகொண்டு எடை போட்டான். வியாபாரம் பாதியாகக் குறைந்தது. ஆனால் வண்டிக்குள் வேறொன்று நடந்தது. “மாடு” என்பான், காத்திருப்பான். “கோயிலு” என்பான், காத்திருப்பான். சில நாட்கள் ஐந்து விரல் மடங்கி, விரிந்து, மறுபடி மடங்கியும் ஒன்றும் வராது. பதில் வராத இடத்தில் பேசிக்கொண்டே இருப்பது எவ்வளவு தனிமையானது என்பது, அப்படிப் பேசிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஓராண்டாகக் குழந்தை அந்த இடத்தில்தான் இருந்தாள் என்பதும் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவன் போகும் வழியில் கடைசி ஊர் சின்னப்பன் கொட்டாய். கிறிஸ்தவக் குடும்பங்கள் பத்துப் பதினைந்து இருக்கும் சிற்றூர். அதிலும் கடைசி வீடு ரோசம்மாளுடையது. ஐம்பது வயதைத் தாண்டியவள். கணவர் சவுரியப்பன் இறந்து ஆறேழு ஆண்டு. மகள் பெங்களூரில். இரண்டு ஆடுகள் மட்டும் துணை. அந்த வீட்டு முன்னால் வண்டி நின்ற ஒரு வியாழக்கிழமை, குப்புராஜ் “உப்பே” என்று கூவிவிட்டு வழக்கம்போல விரல் மடக்கினான்.

“…ப்பூ,” என்றது வண்டிக்குள்ளிருந்து.

ரோசம்மாள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். குப்புராஜைப் பார்க்காமல் நேரே குழந்தையிடம் போய்க் குனிந்தாள்.

“யாரு என்னயக் கூப்ட்டது? நீயா?”

கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. தனியாக இருப்பவர்களுக்கு ஒரு பதிலுக்காகக் காத்திருப்பது பழகிய வேலை.

“ப்பூ!” என்றாள் ஜெயபிரியா.

“உப்பா! ஒரு கிலோ குடு.”

அது முதல் வியாழன்தோறும் ரோசம்மாள் வந்தாள். குழந்தை கூப்பிடும்வரை கதவைத் திறக்க மாட்டாள். கூப்பிட்டால் எந்த வேலையிலும் வருவாள். “எத்தினி?” என்று குழந்தை கேட்கப் பழகியபோது வேண்டுமென்றே யோசிப்பது போல நின்று, “நீயே சொல்லு” என்பாள். எதிர் வீட்டு மாதவராஜ், “ஏன் ரோசம்மாக்கா, ஊறுகா கம்பெனி எதுனா வச்சிருக்கீங்களா, வாரா வாரம் உப்பு?” என்று கேலி செய்வார். “எங்க ஆடு உப்பு கேக்குது, உனக்கென்ன?” என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். குப்புராஜும் ஆட்டுக்குத்தான் என்று நம்பினான்.

வைகாசி பிறந்தது. நிர்மலா ஒரு காலிப் பையோடு வந்து இறங்கினாள். குழந்தையின் துணிகளை எடுத்துவைக்க வந்த பை என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் அவளை வண்டியில் ஏறச் சொன்னான். மூவரும் நெருக்கி உட்கார்ந்து போனார்கள். முதல் ஊரில் நின்றதும் அவன் கூவினான். பெண்கள் வந்தார்கள். ஜெயபிரியா சித்தியை ஏற இறங்கப் பார்த்தாள். கையில் பை வைத்திருக்கிறாள்; ஆனால் கீழே இறங்கவில்லை, வாங்கவும் இல்லை.

“எத்தினி கிலோ?” என்றாள் அவளிடம், கண்டிப்பாக.

நிர்மலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அஞ்சு விரலு மடக்கற வரைக்கும் பொறு நிர்மலா,” என்றான் குப்புராஜ், “அவ இன்னொருக்காவும் கேப்பா.”

“எத்தினி?”

“ரெண்டு கிலோ குடு சாமி,” என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள் நிர்மலா. அந்தப் பையில் உப்பை வாங்கிக்கொண்டுதான் ஓசூர் போனாள்.

அதற்குப் பிறகு சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சில மழுங்கலாக, சில தலைகீழாக. இந்த ஆண்டு அவள் ஒன்றாம் வகுப்பு; பள்ளி விட்டதும் கடைசி ஊர்களுக்கு வண்டியில் வருவாள். இப்போது பேருந்து நிறுத்தம்வரை கேட்கும்படி சண்டை போடுகிறாள். அந்த வாய்தான் அம்மாவின் திதியன்று அப்படிக் கேட்டது.

குப்புராஜ் யோசித்தான். ஐந்து விரலுக்கு மேலேயே ஆகியிருக்கும். ஜெயபிரியா பொறுமையாக இருந்தாள்.

“உங்கம்மாவா? அது பேச ஆரம்பிச்சா எனக்கு வாயத் தொறக்கவே எடம் இருக்காது கண்ணு. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவங்ககிட்ட எறங்கறதுக்குள்ள சொந்தம் கொண்டாடிரும். ஆடு மாட்டுகிட்டப் பேசும். கோவம் வந்தா கன்னடத்துல திட்டும். அதுக்குப் பொறந்த ஊரு தேன்கனிக்கோட்ட பக்கமாச்சே.”

“என்னான்னு?”

“‘ஹோகப்பா’ன்னு. போப்பான்னு அர்த்தம்.”

“ஹோகப்பா!” என்று அவள் குதித்தாள். “இன்னும் சொல்லு.”

அன்றிலிருந்து தினமும் மாதம்மாள் பேசிய ஒன்றை அவன் சொல்ல வேண்டியதாயிற்று. மூன்றாண்டாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவை. சொல்லச் சொல்லத் தனிமை குறைந்துவிடவில்லை. ஆனால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட முடிந்தது, தூங்க முடிந்தது.

ஐப்பசி மழையில் ரோசம்மாள் ஆட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து தருமபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வியாழக்கிழமை கதவு திறக்காததைப் பார்த்து, எதிர் வீட்டில் விசாரித்து, குப்புராஜ் ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு போனான். மகள் வந்து கூட இருந்தாள். ரோசம்மாள் சாவியைக் கொடுத்து, பெட்டியில் இருக்கும் காப்பீட்டு அட்டையை எடுத்துவரச் சொன்னாள். “பெட்டி கட்டிலுக்கடியில இருக்குது தம்பி. வேற எதையும் பாக்காத,” என்றாள். அவன் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டான்.

கட்டிலுக்கடியில் குனிந்தபோது பெட்டிக்குப் பின்னால் உப்புப் பைகள் தெரிந்தன. அவன் கட்டிக் கொடுத்த அதே முடிச்சுகள், பிரிக்கப்படாமல், சுவர்வரை வரிசை வரிசையாக. மழை ஈரத்தில் கசிந்து தரை நனைந்திருந்தது. மூலையில் இன்னும் ஒரு குடம் நிறைய. இரண்டு ஆடுகள் ஆயுள் முழுக்க நக்கினாலும் தீராத உப்பு.

அவன் ஒரு முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். வியாழன்தோறும் அந்தக் கதவு எதற்காகத் திறந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. அவனும் உப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல மகளிடம் சொன்னாள்: “வர்ற ரெண்டாந் தேதி கல்லறத் திருநா. உங்கப்பா போனதுலருந்து ஒரு வருசங்கூட நான் போகாம இருந்ததில்ல. இந்த வருசம் அவரு மட்டும் தனியாக் கெடப்பாரு.”

“ஃபாதர் ஜெபம் பண்ணுவாரும்மா, எல்லாருக்கும் சேத்து,” என்றாள் மகள்.

“ஜெபம் பண்ணுவாரு. பேச மாட்டாரில்ல.”

கல்லறைத் திருநாளன்று சாயங்காலம்தான் ஊரார் பாதிரியாரோடு கல்லறைத் தோட்டத்துக்கு வருவார்கள். குப்புராஜ் உச்சி வெயிலில் போனான். ஜெயபிரியா பள்ளிக்கூடத்தில். வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, மண்வெட்டியும் சுண்ணாம்பு வாளியும் சாமந்தியும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு நடந்தான். யாரும் இல்லை. எல்லாக் கல்லறைகளும் முதல் நாளே வெள்ளையடித்துப் பூப்போட்டு இருந்தன. ஒன்று மட்டும் மழையில் முளைத்த புல்லும் தொட்டாற்சுருங்கியுமாக மூடிக்கிடந்தது. புல்லை விலக்கிப் பெயரைப் படித்தான். சவுரியப்பன்.

புல்லை வேரோடு எடுத்தான். கையில் முள் ஏறியது. மண்ணைத் தட்டிச் சமன்செய்து, சிலுவைக்கும் மேடைக்கும் இரண்டு முறை சுண்ணாம்பு பூசினான். அது காயும்வரை வெயிலில் நின்றான். சாமந்தியைச் சுற்றி வைத்தான். மெழுகுவர்த்தி ஏற்றினான். அவர்கள் முறைப்படி எப்படிக் கும்பிடுவது என்று தெரியவில்லை. தனக்குத் தெரிந்தபடி கை குவித்தான்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான். கழுத்து வியர்த்தது.

“அண்ணே, நான் உப்பு வண்டிக்காரனுங்க. அக்காவுக்குக் காலு அடிபட்டுருச்சு, அதான் வர்ல. பயப்பட ஒண்ணுமில்லீங்க. நேத்து கம்பியப் புடிச்சிக்கிட்டு நாலு அடி நடந்தாங்க. மக கூட இருக்குது. ஆட்ட மாதவராஜண்ணன் பாத்துக்கறாரு. உங்களயேதான் நெனச்சிக்கிட்டு இருக்காங்க.”

அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கினான். ஐந்தும் மடங்கும்வரை அசையாமல் நின்றான்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தான். காற்றில் மெழுகுவர்த்தி அணைந்திருந்தது. திரும்ப வந்து, உட்கார்ந்து, மறுபடி ஏற்றி, சுடர் நிலைத்து நிற்கும்வரை இரண்டு கைகளாலும் காற்றை மறைத்துக்கொண்டிருந்தான்.